தண்ணீர் போன வழியே போனேன்

போன ஐப்பசியில், அடைமழை கொஞ்சம் ஓய்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கல்வராயன் மலையில் நடந்தது இது. எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். எழுத வராது. என் பேரை மட்டும் போடுவேன், அதுவும் பக்கத்தில் யாரும் அவசரப்படுத்தாமல் இருந்தால். அதனால் நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். அவளைப் பற்றி வருகிற இடத்தில் பேனாவை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "எழுது, உள்ளதுதானே" என்றேன். எழுதினாள்.

மலைக்குப் போன கதைக்கு முன்னால், எதற்காகப் போனோம் என்று சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்கு மூங்கில்துறைப்பட்டு பக்கம் ஒரு ஊர். சொந்த நிலம், கரும்பு. என் வீட்டுக்காரர் நன்றாக இருந்தபோதும் சரி, அவருக்கு முடியாமல் போன பிறகும் சரி, தண்ணீர் கட்டுவது என் வேலை. மோட்டாருக்கு எந்த நேரத்தில் கரண்ட் வருகிறதோ அந்த நேரத்தில் எழுந்து போவேன். ஆளை மறைக்கிற கரும்புக்குள் டார்ச்சும் மம்முட்டியுமாகத் தனியாக நுழைந்து மடை திருப்பிவிட்டு வருவேன். பாம்பைப் பார்த்திருக்கிறேன், பன்றியைப் பார்த்திருக்கிறேன். நான் பயந்தேன் என்று எங்கள் ஊரில் ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். நான் சத்தம் போட்டேன் என்றும் சொல்ல மாட்டார்கள். கொல்லியில், அதுதான் எங்கள் கழனியில், ஆட்களிடம் வேலை சொல்வதாக இருந்தாலும் பக்கத்தில் நடந்து போய்த்தான் சொல்வேன். வரப்பில் நின்று கத்திக் கூப்பிடுவது நமக்கு அழகில்லை என்று ஒரு நினைப்பு.

அவர் போன பிறகு மகன் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு என்னைக் கள்ளக்குறிச்சிக்கு அழைத்து வந்தான். வாடகைக்கு ஒரு மாடி வீடு. அவன் ஆபீஸுக்குப் போகிறான், மருமகள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். வந்த புதிதில் கீரை வாங்கப் போன என்னை ரோட்டில் ஒரு ஷேர் ஆட்டோ உரசி, கீழே விழுந்துவிட்டேன். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆனால் மகன் பயந்துபோனான். மறுநாளிலிருந்து இரண்டு பேரும் வேலைக்குக் கிளம்பும்போது கதவை வெளியே பூட்டிக்கொண்டு போனார்கள். "உன் நல்லதுக்குத்தாம்மா" என்றான். அவன் மனசில் வேறு ஒன்றும் இல்லை என்பது எனக்கும் தெரியும்.

அந்தப் பூட்டு விழுகிற சத்தத்தில்தான் எல்லாம் ஆரம்பித்தது. சத்தம் கேட்டதும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். உள்ளங்கை வேர்க்கும். எதற்குப் பயம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பாம்பு இல்லை, பன்றி இல்லை, நாலு சுவரும் ஒரு மின்விசிறியும்தான். ஆனாலும் சுவர் மெல்ல மெல்ல என் பக்கம் நகர்ந்து வருகிற மாதிரி இருக்கும். சாயங்காலம் சாவி திரும்புகிற சத்தம் கேட்கிற வரைக்கும் கட்டில் விளிம்பிலேயே உட்கார்ந்திருப்பேன். தூக்கம் போயிற்று. சோறு இறங்கவில்லை. இப்படியே ஒரு நாள் இந்த அறையிலேயே என் மூச்சு நின்றுவிடும், சாயங்காலம் வந்துதான் பார்ப்பார்கள் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. தனியாகத் தண்ணீர் கட்டிய பொம்பளை, வீட்டுக்குள் இருக்கப் பயப்படுகிறாள் என்று எந்த வாயால் சொல்வது?

சோறு வேண்டாம் வேண்டாம் என்று நான் தள்ளுவதைப் பார்த்து மகன் டாக்டரிடம் கூட்டிப் போனான். ஈசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். பிரஷர் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி.

"முன்னாடி பகல்ல எங்கம்மா இருப்பீங்க?" என்று கேட்டார் டாக்டர்.

"கொல்லியில."

"இப்ப?"

மகன் தரையைப் பார்த்தான்.

"மாத்திரை எழுதறேன். ஆனா இவங்களுக்கு வெளிக்காத்து வேணும். மரம் செடி இருக்கிற எடத்துல தெனம் கொஞ்ச நேரம் நடக்கட்டும். வயசானவங்க உள்ளயே குந்திக்கினு இருந்தா ஒடம்பும் கெடும், மனசும் கெடும்" என்றார்.

எங்கள் மாடியில் நின்றால் ஏரிக்கரை தெரியும். நடுவில் ஒரு காலி மனையும் ஒரு ரோடும்தான். அங்கே போய் நடக்கிறேன் என்றேன். ரோட்டைத் தாண்ட வேண்டுமே என்று மகன் இழுத்தான். மருமகள்தான் நடுவில் புகுந்தாள்.

"ஞாயித்துக்கெழம எங்க அண்ணன் கார்ல மலைக்குப் போறோம் இல்ல, அத்தையும் வரட்டும். அன்னிக்கி ஒரு தொந்தரவும் இல்லாம இருந்துட்டாங்கன்னா அப்புறம் ஏரிக்கரைக்குப் போவட்டும். எதனா ஆச்சுன்னா பேச்சே வாணாம்."

அவளுக்கு அது விளையாட்டுப் பேச்சு. எனக்கு அது பரீட்சை. தோற்றால் மறுபடியும் பூட்டு.

காரில் மகன், மருமகள், அவளுடைய அண்ணன், நான். அண்ணன் நல்ல பிள்ளை. ஆனாலும் சம்பந்தி வீட்டு ஆண்பிள்ளை. அவர் எதிரில் நான் காலைக்கூட நீட்ட மாட்டேன். வளைவுகளில் வண்டி ஏற ஏறக் காது அடைத்தது. கண்ணாடியை இறக்கச் சொன்னேன். ஈர மண் வாசனை குப்பென்று உள்ளே வந்தது. எத்தனை மாதமாகத் திணறிக்கொண்டிருந்த மூச்சு, யாரோ மடையைத் திறந்துவிட்ட மாதிரி அடிவயிறு வரைக்கும் போயிற்று.

ஒரு ஓடைப் பக்கத்தில் வண்டியை நிறுத்திப் புளிசாதம் சாப்பிட்டோம். நான் ஒரு பெரிய மரத்தடியில் உட்கார்ந்து மண்ணைக் கையால் அளைந்துகொண்டிருந்தேன். நெஞ்சு அடித்துக்கொள்ளவில்லை. உள்ளங்கை வேர்க்கவில்லை. அதை நான் கவனித்ததே கொஞ்ச நேரம் கழித்துத்தான்.

சாப்பிட்டு முடித்த பிறகு எனக்கு ஒதுங்க வேண்டியிருந்தது. மருமகளிடம் சொல்லலாம்தான். ஆனால் அவள் அண்ணன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவர் காதில் விழுகிற மாதிரி அதை எப்படிக் கேட்பது? நானே போய்விட்டு வந்துவிடலாம் என்று எழுந்தேன். இந்தப் புதர் போதாது, அந்தப் புதர் போதாது என்று மறைவு தேடிக் கொஞ்சம் உள்ளே போய்விட்டேன்.

எழுந்து திரும்பினால், வந்த வழியைக் காணோம்.

மேகம் இறங்கியிருந்தது. சமவெளிக்காரிக்கு மேகம் என்பது தலைக்கு மேலே போகிற சமாச்சாரம். அது நடந்து வந்து முகத்தைத் தொடும் என்று யார் கண்டது? கை நீட்டினால் விரல் மங்கலாகத் தெரிந்தது. இரண்டு மரம் தெரியும், அப்புறம் ஒன்றும் தெரியாது. நான் நின்ற இடத்தைச் சுற்றி நாலு பக்கமும் வெள்ளையாக, ஒரே மாதிரி. வீட்டில் இருந்த சுவர் என் பின்னாலேயே மலைக்கு வந்துவிட்டதோ என்று நினைத்தேன். கைபேசி காரில் என் பையில் இருந்தது.

பயத்தில் கால் குளிர்ந்து போனது. ஆனால் நான் கரும்புக்காரி. கரும்புக்குள் திசை தப்புவது எங்களுக்குப் புதிதில்லை. உள்ளே நின்றால் வானம்கூடத் தெரியாது. தோகை முகத்தை அறுக்கும். அப்போது நாங்கள் செய்வது ஒன்றுதான். தண்ணீர் ஓடுகிற வாய்க்காலைப் பார்த்து அது போகிற பக்கமே நடப்போம். தண்ணீர் எப்படியும் கழனியின் கடைசிக்குப் போய் வரப்பில் முட்டும். வரப்பு வந்தால் வழி வந்த மாதிரி. எத்தனையோ இருட்டில் அப்படித்தான் வெளியே வந்திருக்கிறேன்.

காதைக் கொடுத்தேன். சலசலவென்று தண்ணீர் கேட்டது. ஆஹா, பிழைத்தேன் என்று அந்தச் சின்ன ஓடையைப் பிடித்துக்கொண்டு அது போன பக்கமே இறங்கினேன்.

கொஞ்ச தூரம் போனதும் மேலே எங்கேயோ "கூ..." என்று ஒரு குரல். யாரோ பன்றி விரட்டுகிறார்கள் என்று நினைத்து நடந்தேன். எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கத்துவார்கள். மறுபடியும் "கூ..." என்றது. அதற்கப்புறம், ரொம்பத் தூரத்தில், "அம்மா" என்று கேட்டது. அது என் மகனின் குரல்.

நான் வாயைத் திறந்தேன். உண்மையைச் சொல்கிறேன், திறந்துவிட்டு மூடிக்கொண்டேன். இங்கேயிருந்து கத்தினால் தேடி வருவார்கள். வழி தப்பியவளைக் கண்டுபிடித்துக் கூட்டிப் போவார்கள். அதோடு ஏரிக்கரை போச்சு, பூட்டுத்தான். நானாகவே நடந்து போய், "சும்மா அங்க ஒதுங்கப் போனேன், இன்னாத்துக்குக் கத்தறீங்க" என்று கேட்க வேண்டும். அந்த எண்ணத்தில் வேகமாக இறங்கினேன்.

பாறை பாசியாக இருந்தது. கால் வழுக்க வழுக்கச் செடியைப் பிடித்துக்கொண்டு போனேன். ஓடை கொஞ்சம் பெரிதானது. வரப்பு வரும், மனுஷர் வருவார்கள் என்று சொல்லிக்கொண்டே போனேன். அப்போது இரண்டு விஷயம் எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. இவ்வளவு நேரம் காலடியில் பேசிக்கொண்டிருந்த தண்ணீரின் சத்தம் இப்போது வேறெங்கோ, ஆழத்தில் கேட்டது. இன்னொன்று காற்று. காற்று பக்கத்திலிருந்து வரும், எதிரே வரும். இந்தக் காற்று கீழேயிருந்து வந்தது. புடவையின் கீழ்க்கரை தானாக மேலே தூக்கியது.

நின்றேன். அந்த நேரத்தில் மேகம் கொஞ்சம் விலகியது.

எனக்கு முன்னால் ஒரு மரம் தெரிந்தது. அதன் உச்சிக்கொம்பு என் கால் விரலுக்குக் கீழே இருந்தது.

முதலில் எனக்குப் புரியவே இல்லை. மரத்தின் தலை எப்படிக் கீழே இருக்கும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். புரிந்தபோது பின்னால் போக நினைத்தேன், கால் வழுக்கியது. ஒரு செருப்பு கழன்று தண்ணீரோடு போயிற்று. அது விழுகிற சத்தத்துக்காகக் காத்திருந்தேன். சத்தமே வரவில்லை. நான் ஓடைக்குள் உட்கார்ந்த வாக்கில் விழுந்திருந்தேன். கையில் ஒரு வேர் அகப்பட்டிருந்தது. தண்ணீர் என் இடுப்பைத் தள்ளித் தள்ளி, வா வா என்றது. மேகம் மறுபடியும் மூடிக்கொண்டது. இப்போது பள்ளம் எங்கே ஆரம்பிக்கிறது என்றுகூடத் தெரியவில்லை.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ. நெஞ்சு அடித்துக்கொண்டது, வீட்டில் அடித்துக்கொண்ட மாதிரியேதான். ஆனால் ஒரு வித்தியாசம். அங்கே எதற்கென்று தெரியாது. இங்கே எதற்கென்று தெரிந்தது. எனக்குச் சாக இஷ்டமில்லை. அதைத் தவிர மனசில் வேறு ஒன்றுமே இல்லை.

"கூ..."

மேலேயிருந்து அதே குரல். பொம்பளைக் குரல். நான் கத்தினேன். கத்தினேன் என்று நினைத்தேன், தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. ஆயுசுக்கும் உயர்த்தாத குரல் கேட்டவுடன் வருமா? வேரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து இழுத்து, "கூ..." என்றேன். என் சத்தத்தைக் கேட்டு எனக்கே உடம்பு சிலிர்த்தது.

"யாரு அங்க? ஓடையிலயா கீற?" என்றது குரல்.

"ஆமா. வழுக்கிடுச்சி."

"அப்டியே குந்து. எந்திரிக்காத. எந்திரிச்சா போயிடுவ. நான் வர்ற வரிக்கும் பேசிக்கினே இரு."

"இன்னா பேசறது?"

"எதனா பேசு. இன்னா கொழம்பு வெச்சேன்னு சொல்லு."

"புளிசோறுதான் எட்த்துக்கினு வந்தோம்."

"அதான் நாக்கு வறண்டு கெடக்குது போல. எத்தினி வாட்டி குரல் குடுத்தேன், வாயி இல்லியா ஆயா ஒனக்கு?"

அந்த நிலைமையிலும் எனக்குச் சுருக்கென்றது. "என்னை ஆயான்ற, நீ இன்னா கொமரியா?" என்றேன்.

மேகத்துக்குள் ஒரு சிரிப்புச் சத்தம். பின்னாலேயே ஆள் வந்தாள். தலையில் கோணி மாட்டிக்கொண்டு, கையில் மாடு ஓட்டுகிற கழியோடு, என் வயசுதான் இருக்கும். என்னைத் தூக்கப் பார்க்கவில்லை. கழியின் ஒரு முனையை என்னிடம் கொடுத்து, மறு முனையைத் தான் பிடித்துக்கொண்டு, ஒரு மரத்தில் முதுகை முட்டுக்கொடுத்து நின்றாள். "குந்திக்கினே பின்னால நவுரு. கொழந்த நவுர்ற மாதிரி. ரோசம் பாக்காத, இங்க யாரும் பாக்கல" என்றாள். நகர்ந்தேன். மண் தட்டுப்பட்டதும் அதன்மேல் கவிழ்ந்து படுத்துவிட்டேன். அவள் என் முதுகில் கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"தண்ணி கூடவே எதுக்கு எறங்கின?" என்று அப்புறம் கேட்டாள்.

"கரும்புல அப்டித்தான் வெளிய வருவோம்."

"ஓ, கரும்புக்கார அம்மாவா. கீழ தண்ணி நீங்க திருப்பின பக்கம் போவும். இங்க அது இஷ்டத்துக்குப் போவும், எடம் முடிஞ்சா குதிச்சிடும். நீ குதிப்பியா?"

மலையில் மேகம் இறங்கினால் மாடு மேய்க்கிறவர்கள் ஒருத்தருக்கொருத்தர் குரல் கொடுப்பார்களாம். கேட்டவர்கள் யாராக இருந்தாலும் பதில் குரல் கொடுக்க வேண்டுமாம். பதில் வராவிட்டால் மாட்டை விட்டுவிட்டுத் தேடிப் போவார்களாம். என் மகன் முதலில் கத்தியது எனக்கு எட்டவில்லை; அதைக் கேட்டுத்தான் யாரோ தொலைந்துபோயிருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டு அவள் கூப்பிட ஆரம்பித்திருக்கிறாள். நான் பன்றி விரட்டுகிறார்கள் என்று நினைத்ததைச் சொன்னேன். "பன்னின்னா ஒரு வாட்டியிலயே போயிருக்கும்" என்றாள்.

அவள் குரல் கொடுத்துக்கொண்டே முன்னே நடக்க, நான் ஒற்றைச் செருப்போடு பின்னே நடந்தேன். மகன் ஓடி வந்தான். பேண்ட் முழுக்கச் சேறு. என்னைக் கட்டிக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். மருமகளும் அழுதாள். அவள் அண்ணன் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அழுது முடித்ததும் மகனுக்குக் கோபம் வந்தது.

"போதும்மா. இனிமே நீ வாசப்படி தாண்ட வாணாம். டாக்டர் இன்னா சொன்னாலும் சரி."

நான் எதிர்பார்த்ததுதான். தலையைக் குனிந்துகொண்டேன். அந்த மலைக்காரப் பொம்பளைதான் கேட்டாள்.

"ஏம்பா, எங்க மாடு வழி தப்பிச்சின்னா கழுத்துல மணி கட்டி வுடுவோம். பட்டியிலயே வெச்சிப் பூட்டுவோமா?"

என்னை மாட்டோடு சேர்த்துப் பேசியது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் நன்றி சொல்லத் திரும்பினேன்; அவள் மாட்டைத் தேடிக்கொண்டு மேகத்துக்குள் போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து "கூ..." என்று மட்டும் கேட்டது. எல்லோர் எதிரிலும் நானும் "கூ..." என்றேன்.

அன்றைக்குப் படுத்ததுதான் தெரியும், விடிந்துவிட்டது. முட்டி வலித்தது, முதுகு வலித்தது, ஆனால் மாதக்கணக்கில் வராத தூக்கம் வந்திருந்தது. மகன் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மருமகள் முன்னாலேயே கிளம்பிவிட்டாள். அவனும் கிளம்பினான். கதவு சாத்தியது. பூட்டு விழுந்தது.

அந்தச் சத்தம் கேட்டதும் உள்ளங்கை வேர்த்தது. சுவர் நகர ஆரம்பித்தது. வழக்கம்போல் கட்டில் விளிம்பில் போய் உட்காரத்தான் திரும்பினேன். என்ன தோன்றியதோ, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மலையில் வேரைப் பிடித்த மாதிரி, அடிவயிற்றிலிருந்து "கூ..." என்று குரல் கொடுத்தேன். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. தெருவில் தண்ணீர் கேன் போடுகிறவர் அண்ணாந்து பார்த்தார். எனக்கு வெட்கமாக இல்லை.

படியில் தடதடவென்று ஓடி வருகிற சத்தம். பூட்டு திறந்தது. மகன் மூச்சிரைக்க நின்றான்.

"இன்னாமா ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல. உள்ள குந்தினா எனக்குப் பயமாக் கீதுடா" என்றேன்.

அவனிடம் அதை நான் சொல்வது அதுதான் முதல் தடவை. அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "நேத்தே கூப்ட்டிருக்கலாம் இல்ல, நான் எவ்ளோ கத்தினேன்" என்றான். அப்புறம் வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டான். அன்றைக்கு அவன் ஆபீஸுக்கு லேட்டாகத்தான் போனான். போவதற்கு முன்னால் என்னை ரோடு தாண்ட வைத்து ஏரிக்கரையில் விட்டுவிட்டுப் போனான்.

இப்போது தினமும் விடிந்ததும் போகிறேன். புளியமரத்தடி வரைக்கும் நடப்பேன், உட்காருவேன், கொக்கு மேய்வதைப் பார்ப்பேன், மண்ணை மிதிப்பேன். மாத்திரை இன்னும் உண்டு. ஆனால் நெஞ்சு அடித்துக்கொள்வது ரொம்பக் கம்மியாகிவிட்டது. மகன் கொடுத்த சாவி ஒன்று என் முந்தானையில் இருக்கிறது. நான் திரும்ப நேரமானால் மருமகள் மாடியில் நின்று "கூ..." என்பாள். பள்ளிக்கூடத்து டீச்சர், பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள் என்று முதலில் கூச்சப்பட்டாள். இதை எழுதும்போதும் கூச்சப்படுகிறாள். நான் கரையிலிருந்து பதில் கொடுப்பேன்.

ஏரி நிறைந்து கலங்கலில் தண்ணீர் வழிகிற சத்தம் கேட்டால் இன்றைக்கும் என் கால் தானாகப் பின்னால் ஒரு அடி வைக்கும், மரத்தின் தலை காலுக்குக் கீழே தெரியும். ஆனாலும் மறுநாள் விடிந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறேன், ஏனென்றால் பயமில்லாதவள் என்று பேர் எடுத்த காலத்தில் எனக்குத் தெரியாத ஒன்று, கூப்பிட்டால் யாரோ வருவார்கள் என்பது, இப்போது தெரிந்திருக்கிறது.